லேபிளைப் பார்த்துச் சண்டை

ஏலத்தில் தோற்றவர் யாரும் ஷிப்பிங் கட்டணத்துக்காகச் சண்டை போடுவதில்லை. ஜெயித்தவர்தான் போடுகிறார். அதுவும் ஜெயித்த அன்றைக்கு இல்லை, பணம் கட்டிய அன்றைக்கும் இல்லை. பார்சல் வீட்டுக்கு வந்து, உள்ளே இருப்பதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, காலி அட்டைப்பெட்டியைத் திருப்பி லேபிளைப் பார்க்கிறார் பாருங்கள், அப்போது ஆரம்பிக்கிறது.

ஒரு பழைய மைப்பேனா என்று வைத்துக்கொள்வோம். ஈபேயில் 9 டாலருக்கு ஏலம் முடிந்திருக்கிறது. ஷிப்பிங் 12 டாலர் என்று ஏலப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். லேபிளில் அச்சாகியிருக்கும் தபால் செலவோ 5 டாலர் 40 சென்ட். உடனே ஒரு கழித்தல் கணக்கு. ‘என்னிடமிருந்து 6 டாலர் 60 சென்ட் திருடியிருக்கிறாய்’ என்று விற்றவருக்கு ஒரு கடிதம். பதில் வராவிட்டால், வந்தும் பிடிக்காவிட்டால், ஒரு நட்சத்திரம், ஒரு புகார்.

பழைய பொருள்கள் கைமாறும் ஒரு தளத்தில், பெயர் எதற்கு, புகார்களைக் கையாளும் மென்பொருளை எழுதும் குழுவில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். இந்த ரகக் கடிதங்களை நூற்றுக்கணக்கில் வாசித்திருக்கிறேன். பொருளும் நாடும் மாறும். கழித்தல் கணக்கு மட்டும் மாறவே மாறாது. வாசிக்கிற எல்லோருக்கும் முதல் பார்வையில் வாங்கியவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகத் தோன்றும். கணக்கு அவ்வளவு தெளிவாக இருக்கிறதே! நான் அந்தக் கணக்கே தப்பு என்கிறேன்.

பேனாவுக்கே வருவோம். 12 டாலரில் தபாலுக்கு 5.40 போய்விட்டது. பெட்டி, பபிள் ராப், டேப், லேபிள் எல்லாம் சேர்த்து ஒன்றரை டாலர் என்று குறைவாகவே வைத்துக்கொள்கிறேன். இனி பலருக்கும் தெரியாத ஒரு விஷயம்: ஈபே தன் கமிஷனைப் பொருளின் விலைமேல் மட்டும் போடுவதில்லை. ஷிப்பிங்கையும் வரியையும் சேர்த்த மொத்தத் தொகைமேல் போடுகிறது. பெரும்பாலான பிரிவுகளில் அது 13 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆக இந்த 12 டாலரில் 1 டாலர் 56 சென்ட் அங்கே போகிறது. மிச்சம் 3 டாலர் 54 சென்ட். பேனாவைத் துடைத்து, நிப்பு உடையாமல் சுற்றி, பெட்டி தேடி, எடை போட்டு, முகவரி அச்சடித்து, தபால் நிலையத்துக்குப் போய் வரிசையில் நிற்க அரைமணி நேரமாவது ஆகும். அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி 2009-இலிருந்து மணிக்கு 7.25 டாலர். அரைமணிக்கு 3.62. திருடன் என்று பட்டம் வாங்கிய மனிதர், அவர் ஊர்ச் சட்டம் சொல்லும் அடிமட்டக் கூலிக்கும் எட்டு சென்ட் குறைவாகத்தான் திருடியிருக்கிறார்.

நம்மூர் லாரி ஆபீஸ் ரசீதை எடுத்துப் பாருங்கள். சரக்குக் கட்டணம் ஒரு வரி, ஹமாலி என்று இன்னொரு வரி. மூட்டையைத் தூக்கி வைத்தவருக்குக் கூலி உண்டு என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. அமெரிக்காவின் பழைய மெயில் ஆர்டர் வியாபாரத்திலும் ‘ஷிப்பிங் அண்ட் ஹேண்ட்லிங்’ என்று இரண்டையும் சேர்த்தேதான் சொன்னார்கள். இந்த இரண்டாவது வார்த்தை திரையில் சுருங்கிச் சுருங்கி, வெறும் ‘ஷிப்பிங்’ என்று ஆனபோது, கட்டிக் கொடுத்த கைக்கான கூலி கள்ளப்பணம் ஆகிவிட்டது.

விற்பவர்களெல்லாம் காந்தி என்று சொல்ல வரவில்லை. இந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதில் விற்பவர்கள் ஆடிய ஆட்டமும் இருக்கிறது. 1995-இல் தொடங்கிய ஈபே, அதற்குப் பிறகு பல வருடங்கள், ஏலத்தில் விழுந்த விலைமேல் மட்டுமே கமிஷன் எடுத்தது. ஷிப்பிங் தொகையைத் தொடவில்லை. இப்படி ஒரு ஓட்டையை வைத்தால் மனுஷன் என்ன செய்வான்? பொருளின் விலையை எடுத்து ஷிப்பிங்கில் போட்டான். ஆரம்ப விலை ஒரு சென்ட், ஷிப்பிங் 20 டாலர் என்று கூச்சமே இல்லாமல் பக்கம் போட்டார்கள். கமிஷன் மிச்சம். வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பினால் ‘விலையைத் திருப்பித் தருகிறேன், ஷிப்பிங் கிடையாது’ என்று ஒரு சென்ட்டைக் கையில் கொடுத்துவிடவும் வசதி. அயோக்கியத்தனம்தான். ஆனால் கட்டண அட்டவணையை அப்படி வடிவமைத்தது விற்றவர் இல்லை.

கமிஷனை ஏமாற்றுவதைத் தாண்டி இதற்கு இன்னொரு லாபமும் இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர்கள் தன்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள். 2006-இல் வெளியான அவர்களின் ஆய்வுக்காக ஈபேயில் அவர்களே சிடிக்களையும் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளையும் ஏலத்தில் விட்டார்கள். ஒரு ஏலத்தில் ஆரம்ப விலை 4 டாலர், ஷிப்பிங் இலவசம். அதே பொருளுக்கு இன்னொரு ஏலத்தில் ஆரம்ப விலை ஒரு சென்ட், ஷிப்பிங் 3.99. வாங்குபவர் கையிலிருந்து குறைந்தபட்சம் போகப்போவது இரண்டிலும் ஒரே 4 டாலர். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஆனால் ஒரு சென்ட் ஏலத்துக்குத்தான் கூட்டம் அதிகம் வந்தது. ஷிப்பிங்கையும் சேர்த்துக் கடைசியில் கைக்கு வந்த பணமும் அங்கேதான் அதிகம். ஷிப்பிங் அளவு மீறினால் மட்டும் வித்தை பலிக்கவில்லை. மொத்தம் 8 டாலர் என்று வைத்து, ஒரு சிடிக்கு அதில் 6 டாலரை ஷிப்பிங்காகப் போட்டபோது அந்த லாபம் காணாமல் போனது.

புகார்க் கடிதங்களை வாசித்துப் பழகிய எனக்கு இந்த ஆய்வு ஒரு சாவி மாதிரி இருந்தது. ஏலம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஷிப்பிங் என்ற எண் கண்ணில் படுகிறது, மனதில் படுவதில்லை. கடைசிப் பத்து நொடியில் எவனோ ஒருவன் நம் பேனாவைத் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். அந்த நேரத்தில் யார் கூட்டல் போடுவார்கள்? (கடைசி நொடியில் கேட்பதற்கென்றே மென்பொருள் எழுதி விற்கிறார்கள். அந்தப் பரபரப்பு அவ்வளவு நிஜம்.) போடாமல் விட்ட கூட்டலைப் பார்சல் வந்தபிறகு கழித்தலாகப் போடுகிறார் வாங்கியவர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. விலையை இரண்டாக வெட்டி, ஒரு துண்டை மட்டும் ஏலப் பெட்டிக்குள் வைத்து, இன்னொரு துண்டைக் கீழே சின்ன எழுத்தில் வைத்தது யார் என்று அவர் கேட்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஈபே என்ன செய்தது? முதலில் நட்சத்திரம் கொடுத்தது. 2007-இல் விற்பவர்களை நான்கு விஷயங்களில் தனித்தனியாக மதிப்பிடும் முறை வந்தது: பொருள் சொன்னபடி இருந்ததா, பேச்சுத் தொடர்பு, அனுப்பிய வேகம், நாலாவதாக ஷிப்பிங் கட்டணம். எந்த நட்சத்திரத்தை யார் போட்டார்கள் என்று விற்றவருக்குத் தெரியாது. 2008-இல், வாங்குபவர்களைப் பற்றி விற்பவர்கள் மோசமான கருத்து எழுதுவதையே நிறுத்தினார்கள். இதற்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. ‘நீ எனக்கு நெகட்டிவ் போட்டால் நானும் போடுவேன்’ என்று மிரட்டும் விற்பனையாளர்களால் வாங்குபவர்கள் வாயைத் திறக்கப் பயந்தார்கள். சரி, மிரட்டல் நின்றது. கூடவே விற்றவரின் பதிலும் நின்றுபோனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு உச்சகட்ட நகைச்சுவை. ஷிப்பிங் இலவசம் என்று போட்டுவிட்டால், ஷிப்பிங் கட்டணத்துக்கான மதிப்பீட்டில் தானாகவே ஐந்து நட்சத்திரம்! வாங்கியவர் நினைத்தாலும் குறைக்க முடியாது. உலகத்தில் எந்தத் தபால்துறையும் இலவசமாகப் பார்சல் தூக்குவதில்லை. அந்தச் செலவு பொருளின் விலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். அப்படியென்றால் அந்த நட்சத்திரம் எதை அளந்தது? கட்டணம் நியாயமா என்பதையா, கட்டணம் கண்ணில் படுகிறதா என்பதையா? ஒரே விற்பனையாளரிடம் ஐந்து பழைய தபால் அட்டைகளை இலவச ஷிப்பிங்கில் வாங்கிப் பாருங்கள். ஐந்து விலைக்குள்ளும் ஐந்து தபால் செலவு ஒளிந்திருக்கும், வருவதோ ஒரே உறை. யாரும் புகார் செய்வதில்லை. புகார் செய்ய அங்கே ஒரு எண் இல்லையே.

புத்தகம், டிவிடி மாதிரி சில பிரிவுகளில் ஷிப்பிங்குக்கு உச்சவரம்பு வைத்தார்கள். கடைசியாக 2011-இல்தான் கமிஷனை ஷிப்பிங் தொகைமேலும் போடத் தொடங்கினார்கள். ஒரு சென்ட் வித்தைக்காரர்களுக்கு அதோடு கமிஷன் லாபம் போனது. நல்லதுதான். ஆனால் அன்றைக்கு வரை நேர்மையாக, ஆன செலவை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து தபால்காரருக்குக் கொடுக்கும் காசுக்கும் தளத்துக்குக் கமிஷன் கட்ட வேண்டியதானது. அதை எங்கே ஏற்றுவார்? ஷிப்பிங்கில்தான். ஏற்றினால் லேபிளுக்கும் கட்டணத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இன்னும் கூடும். கூடினால் புகார் வரும். தளம் வாங்கிய பங்குக்கு விற்றவர் திட்டு வாங்குவார்.

இனி புகார் மன்றத்துக்குள் போவோம். இதன் தொடக்கம் அழகானது. 1999-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஈதன் காட்ஷின் குழு, ஈபே சச்சரவுகளுக்குச் சோதனை முறையில் ஒரு சமரச மையம் நடத்தியது. இரண்டு வாரத்தில் சுமார் 200 வழக்குகள். ஒரு மத்தியஸ்தர் உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கும் மின்னஞ்சல் எழுதி, பேசித் தீர்த்துவைக்கப் பார்த்தார். பிறகு ஸ்கொயர்டிரேட் என்ற நிறுவனம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதற்கும் பிறகு ஈபே தன்னுடையதாகவே ஒரு அமைப்பைக் கட்டியது. அதை நடத்திய காலின் ரூல் சொன்ன கணக்கு: வருடத்துக்கு 6 கோடி சச்சரவுகள், அதில் 90 சதவீதம் மனிதர் யாரும் தலையிடாமல் மென்பொருளே முடித்துவைப்பவை. 200-லிருந்து 6 கோடிக்கு வரும்போது மத்தியஸ்தர் போய் டிராப்டவுன் வந்துவிட்டது.

டிராப்டவுன் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் இல்லாத குறை உலகத்தில் இல்லாத குறை. ‘பொருள் வரவில்லை’, ‘சொன்னபடி இல்லை’, ‘மனம் மாறிவிட்டது’ இவைதான் எல்லாத் தளங்களிலும் பொதுவாக இருக்கும் வாசல்கள். ‘ஷிப்பிங் அதிகமாக வாங்கிவிட்டார்’ என்ற வாசல் கிடையாது. எங்கள் குழுவிலும் அந்தப் பேச்சு ஒருமுறை வந்தது. தனியாக ஒரு ஆப்ஷன் கொடுப்போம், அதில் வரும் புகாருக்குத் திருப்பி அனுப்புதல், ரத்து எதுவும் வேண்டாம், கட்டண விவரத்தை மட்டும் விற்றவரிடம் கேட்டு வாங்கித் தருவோம் என்று சொன்னேன். ‘பாஸ், அந்த ஆப்ஷனக் குடுத்தா எல்லாரும் அதத்தான் அமுக்குவாங்க. அப்புறம் ரிப்போர்ட்ல நம்பர் எகிறும்’ என்றார் புராடக்ட் மேனேஜர். கெட்டவர் இல்லை, பண்டிகைக்கு எல்லோருக்கும் சொந்தக் காசில் ஸ்வீட் பாக்ஸ் வாங்கித் தருகிறவர். எண் எகிறக் கூடாது என்பதுதான் அவருக்கு இட்ட வேலை.

வாசல் இல்லாவிட்டால் கோபக்காரர் ஜன்னல் ஏறிக் குதிப்பார். மனம் மாறிவிட்டது என்று சொன்னால் முதலில் கட்டிய ஷிப்பிங் பெரும்பாலும் திரும்ப வராது. திருப்பி அனுப்பும் செலவும் பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான். ‘சொன்னபடி இல்லை’ என்று அமுக்கினால் இரண்டும் விற்றவர் தலையில். ஆறு டாலருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர் எதை அமுக்குவார்? பேனாவின் மூடியில் ஒரு கீறல் கண்டுபிடிப்பார். நாற்பது வருஷத்துப் பேனாவில் கீறல் இல்லாமலா இருக்கும்? போட்டோ எடுத்து ஏற்றுவார். மென்பொருள் அதைப் பார்த்துவிட்டு முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்கச் சொல்லும். நேர்மையான ஒரு ஆளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்து, அதற்குக் கூலியும் கொடுக்கிறது அந்தப் படிவம். ஷிப்பிங் சச்சரவு எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. கீறல்களின் பட்டியல் நீளுகிறது.

இதில் நிஜமான வழக்குகளும் உண்டு. வாங்கியவர் முழுசாக நியாயத்தின் பக்கம் நிற்கும் வழக்குகள். பழைய இசைத்தட்டு வாங்குகிறீர்கள். வேகமான தபாலில் அனுப்புவதாகச் சொல்லி அதற்குரிய கட்டணத்தை வாங்கிக்கொண்டு, மீடியா மெயிலில் தட்டிவிடுகிறார். மீடியா மெயில் என்பது புத்தகம், இசைத்தட்டு போன்றவற்றுக்கு அமெரிக்கத் தபால்துறை தரும் மலிவான, மெதுவான சேவை. இது மோசடி. ஒரு சேவையை விற்று இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார். வித்தியாசத்தைக் கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரே ஆளிடம் ஏலத்தில் ஐந்து பொருள் எடுத்து, ஒரே பெட்டியில் வரும்போது ஐந்து ஷிப்பிங் வசூலித்தால் அதுவும் கேட்கப்பட வேண்டியது. பணம் கட்டுமுன் ‘சேர்த்து அனுப்பினால் எவ்வளவு’ என்று மொத்தத் தொகை கேட்க ஈபேயிலேயே வழி இருக்கிறது. அவசரத்தில் நிறையப் பேர் அதைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் எடை கம்மியான பெரிய பொருள் விஷயத்தில் வாங்குபவர்கள் போடும் சத்தம் அர்த்தமில்லாதது. விளக்கு மூடி ஒன்று வாங்கிவிட்டு ‘அரைக் கிலோகூட இல்லை, இவ்வளவு ஷிப்பிங்கா’ என்பார்கள். கூரியர்காரருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை, அவருக்கு வண்டியில் அடைக்கும் இடம்தான் கணக்கு. யூபிஎஸ் 2014 டிசம்பர் கடைசியிலிருந்தும், ஃபெட்எக்ஸ் 2015 ஜனவரியிலிருந்தும் தரைவழிப் பார்சல்கள் எல்லாவற்றுக்கும் கொள்ளளவை எடையாக மாற்றித்தான் கணக்குப் போடுகின்றன. நம்மூர்க் கூரியர்களிலும் சென்டிமீட்டரில் நீள அகல உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுக்கும் வழக்கம் உண்டு. 50, 40, 30 பெட்டி என்றால் உள்ளே காற்று இருந்தாலும் 12 கிலோ. இந்த ஒரு வரியை ஏலப் பக்கத்தில் எழுதிவைத்த விற்பனையாளருக்கு வரும் புகார்கள் எவ்வளவு குறைகின்றன என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். எழுத மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். ‘தெரிஞ்சவன் வாங்கட்டும்’ என்று ஒரு மிதப்பு. அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன்.

இந்தியாவில் நாம் இந்தச் சண்டையைப் போட்டு முடிக்கவே இல்லை. 2004-இல் பாஸீ.காமை வாங்கி ஈபே இங்கே வந்தது. 2017-இல் இந்தியக் கிளையை ஃபிளிப்கார்ட்டிடம் கொடுத்தது. 2018 ஆகஸ்ட்டில் தளத்தையே மூடிவிட்டார்கள். ஏலம் போனது, இலவச டெலிவரி வந்தது. அதற்குள் சட்டமும் வந்தது. 2020-இன் மின்வணிக விதிகள், டெலிவரி, தபால், கையாளும் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகவும், பிரித்துப் பிரித்தும் காட்டச் சொல்கின்றன. 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள், ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டன. விலையைச் சொட்டுச் சொட்டாகக் கடைசியில் வெளியே விடுவது அதில் ஒன்று. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது உங்கள் போனை எடுத்து நேற்று ராத்திரி வரவழைத்த பிரியாணியின் பில்லைத் திறந்து பாருங்கள். டெலிவரி இலவசம் என்றிருக்கும். அதற்குக் கீழே பிளாட்ஃபார்ம் ஃபீ. 2023-இல் இரண்டு ரூபாயாக ஆரம்பித்தது, இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று நீங்களே பாருங்கள். மளிகை என்றால் ஹேண்ட்லிங் சார்ஜ். அட, நம் பழைய வார்த்தை! ஒரு டெக்ஸாஸ் பாட்டி பேனாவைச் சுற்றிக் கொடுத்ததற்கு வாங்கினால் திருட்டு. ஒரு செயலி, பால் பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டதற்கு வாங்கினால் அது பில்லின் ஒரு வரி. அந்தப் பணத்தில் பையில் போட்ட பையனுக்கு எவ்வளவு போகிறது என்று ஒருவரும் கழித்தல் கணக்குப் போடுவதில்லை. லேபிளில் ஒரு தனிமனிதரின் பெயர் இருந்தால்தான் நமக்குக் கணக்கு வருகிறது.

சரி, நீ என்னதான் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். ஏலப் பெட்டிக்குள் நாம் அடிக்கும் தொகை, வீட்டு வாசல் வரைக்குமான மொத்தத் தொகையாக இருக்க வேண்டும் என்கிறேன். நான் 21 டாலர் என்று அடிக்கிறேன். என் முகவரிக்கு ஷிப்பிங் 12 என்றால், தளம் அதைக் கழித்துக்கொண்டு 9 டாலரை ஏலத்தில் வைக்கட்டும். பக்கத்து ஊர்க்காரருக்கு ஷிப்பிங் 7 என்றால் அவருடைய 21, ஏலத்தில் 14 ஆகட்டும். ஷிப்பிங் ஆளுக்கு ஆள் மாறுமே, எப்படி முடியும் என்று ஒரு ஆட்சேபம் வரும். ஈபேயில் ஏலம் கேட்டவர்களுக்குத் தெரியும், நம்முடைய உச்சத் தொகையை அடித்துவிட்டால், எதிராளி கேட்கக் கேட்கத் தளமே நமக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். அதை நொடிக்கு நொடி செய்யத் தெரிந்த மென்பொருளுக்கு ஒரு கழித்தல் கஷ்டமா? தேடல் பட்டியலை ‘விலையும் ஷிப்பிங்கும் சேர்த்து’ வரிசைப்படுத்தும் வசதி ஈபேயில் ஏற்கெனவே இருக்கிறது. கூட்டத் தெரியும் அவர்களுக்கு. அந்தக் கூட்டலை ஏலப் பெட்டிக்குள் கொண்டுவந்தால் ஒரு சென்ட் ஏலத்துக்கு அடித்துப் பிடித்து வரும் கூட்டம் வராது, ஹொசைனும் மார்கனும் பார்த்த அந்தக் கூடுதல் பணமும் வராது. இன்றைக்குக் கமிஷன் மொத்தத் தொகைமேல்.

அந்தப் பெட்டியை எழுத எனக்கு ஒரு வாரம் கொடுத்தால் போதும். டெஸ்டிங்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.